ஜீரோ ஓம் ரெசிஸ்டர்: எதற்காக வைக்கிறார்கள், எதுவரை நம்பலாம்

கேள்வி இதுதான்: பழுதான ஒரு போர்டைத் திறந்து பார்த்தால், "0" என்று அச்சிட்ட குட்டி ரெசிஸ்டர்கள் பல இடங்களில் இருக்கின்றன. மின்தடையே இல்லாத ரெசிஸ்டரை எதற்கு வாங்கி வைக்க வேண்டும், அங்கே செம்புத் தடத்தையே இழுத்துவிட்டிருக்கலாமே? அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகலாம்? ஃபியூஸுக்குப் பதிலாக இதைப் போடலாமா? கருகிப் போயிருந்தால் ஒரு கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்துவிடலாமா?

ஜீரோ ஓம் ரெசிஸ்டர் என்பது ரெசிஸ்டர் வடிவத்தில் இருக்கும் ஓர் இணைப்புத் துண்டு, அதாவது ஜம்பர். கால்கள் உள்ள பழைய வகையில் உடலின் நடுவே ஒரே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். எஸ்எம்டி (கால்கள் இல்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும்) வகையில் 0, 00 அல்லது 000 என்று அச்சிட்டிருப்பார்கள். 0402, 0201 (பாகத்தின் நீள அகலத்தைக் குறிக்கும் எண்கள்) போன்ற மிகச் சிறிய அளவுகளில் எழுத இடமில்லாததால் பெரும்பாலும் எதுவுமே இருக்காது. மின்சாரத்தின் பார்வையில் அது செய்வது ஒரு கம்பியின் வேலைதான். அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது: போர்டு அச்சாகி வந்த பிறகும் "இங்கே இணைப்பு வேண்டுமா, வேண்டாமா, அல்லது வேறொரு பாகம் வேண்டுமா" என்ற முடிவை அது திறந்தே வைத்திருக்கிறது. செம்புத் தடம் போட்டுவிட்டால் அந்த முடிவு அன்றோடு முடிந்தது. மாற்ற நினைத்தால் கத்தியால் தடத்தைக் கீற வேண்டும், இல்லையென்றால் போர்டையே மறுபடி அச்சடிக்க வேண்டும்.

இது பிறந்த காரணம் இன்னும் எளிமையானது. ஒரே பக்கம் மட்டும் செம்பு இருக்கும் போர்டில் ஒரு தடம் இன்னொரு தடத்தைத் தாண்ட வழியில்லை. மேலே ஒரு பாலம் போட்டாக வேண்டும். கைவேலை என்றால் வெறும் கம்பியை வளைத்துச் சொருகிவிடலாம். ஆனால் ரெசிஸ்டர்களை நாடாவிலிருந்து எடுத்துச் சொருகும் இயந்திரத்துக்கு, ரெசிஸ்டர் உடலும் கால்களும் உள்ள பாகத்தைக் கொடுத்துவிட்டால் கம்பிக்கென்று தனி ஏற்பாடு தேவையில்லை. அதனால் ரெசிஸ்டர் போலவே தோற்றமளிக்கும் கம்பி வந்தது. இன்று இரண்டு, நான்கு லேயர் போர்டுகள் சாதாரணமாகிவிட்டாலும் இந்தப் பயன்பாடு அழியவில்லை. எல்இடி விளக்குகளில் வரும் அலுமினிய அடித்தளப் போர்டுகளைப் பாருங்கள்: செம்பு ஒரே லேயர், அடியில் உலோகம், துளை போட்டு மறுபக்கம் போக முடியாது. அங்கே தடங்கள் ஒன்றையொன்று தாண்டுவதற்கு 1206 அளவு ஜம்பர்தான் கைகொடுக்கிறது.

இனி, ஒரே போர்டில் பல வகைகளைத் தயாரிப்பது. ஒரு நிறுவனம் அடிப்படை மாடல் ஒன்றும், கூடுதல் வசதியுள்ள மாடல் ஒன்றும் விற்கிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் போர்டு அச்சடிப்பதைவிட, ஒரே போர்டில் சில ஜீரோ ஓம்களை வைத்தும் சிலவற்றை வைக்காமல் விட்டும் இரண்டையும் உருவாக்கலாம். பாகப் பட்டியலில் "பொருத்த வேண்டாம்" என்று ஒரு குறிப்பு போட்டால் போதும், இயந்திரம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். நினைவக ஐசி ஒன்றுக்கு 3 முகவரிப் பின்கள் இருந்தால் அவற்றை மேலேயோ (மின்வழங்கிக்கு) கீழேயோ (கிரவுண்டுக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு) கட்டி 8 முகவரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, போர்டு எந்தப் பதிப்பு என்று மென்பொருளுக்குச் சொல்ல இரண்டு மூன்று பின்களைக் கட்டி வைப்பது, இவையும் இதே வகைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்னை ஜீரோ ஓம் வைத்து நேராக 3.3 வோல்ட்டிலோ கிரவுண்டிலோ கட்டலாமா என்பது அந்தப் பின் என்ன வகை என்பதைப் பொறுத்தது. உள்ளீடாக மட்டுமே இருக்கும் பின் என்றால் தாராளமாகக் கட்டலாம். ஆனால் மைக்ரோகண்ட்ரோலர்களில், மின்சாரம் வந்த நொடியில் மட்டும் அமைப்பைப் படித்துவிட்டு, அப்புறம் சாதாரண உள்ளீடு-வெளியீடாக மாறும் பின்கள் உண்டு. அதை ஜீரோ ஓமால் கட்டியிருக்கும்போது மென்பொருள் தவறுதலாக எதிர்த்திசையில் இயக்கினால், ஐசியின் வெளியீடு நேராக ஷார்ட் ஆகும். அங்கே 10 கிலோ ஓம் வையுங்கள். வேலை அதேதான், ஆபத்து மட்டும் இல்லை.

இரண்டு ஜீரோ ஓம்களில் ஒன்றை மட்டும் பொருத்த வேண்டும் என்ற இடங்களில் லேஅவுட்டிலேயே (போர்டில் பாகங்களும் தடங்களும் அமையும் வரைவிலேயே) தவறைத் தடுக்கலாம். உதாரணமாக ஒரு சென்சாருக்கு 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டா என்று தேர்வு செய்யும் இடம். இரண்டு தனித்தனி ஜோடிப் பேட்கள் (பாகத்தைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகள்) வைத்தால், யாராவது ஒருநாள் இரண்டையும் பொருத்திவிடுவார்கள். இரண்டு மின்வழங்கிகளும் நேராக மோதிக்கொள்ளும். மூன்று பேட்களை வரிசையாக வைத்து, நடுப் பேடை இரண்டுக்கும் பொதுவாக்கிவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும். ஸ்கீமாட்டிக்கில் (சுற்று வரைபடத்தில்) "ஒன்றை மட்டும் பொருத்தவும்" என்று எழுதி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதேபோல இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. சீரியல் இணைப்பில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மாறிப்போவது எல்லாருக்கும் நடக்கும் பிழை. ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு பேட்கள் வையுங்கள். ஒரு பக்க ஐசியின் இரண்டு கம்பிகளை எதிரெதிர் மூலைகளுக்கும், மறுபக்க ஐசியின் இரண்டு கம்பிகளை மீதி இரண்டு மூலைகளுக்கும் கொண்டுவாருங்கள். இரண்டு ஜீரோ ஓம்களைக் கிடைமட்டமாகப் பொருத்தினால் ஒரு விதமான இணைப்பு. அவற்றையே செங்குத்தாகத் திருப்பிப் பொருத்தினால் கம்பிகள் இடம் மாறிவிடும். முதல் மாதிரி போர்டில் இதற்கு ஆகும் இடம் சில சதுர மில்லிமீட்டர்தான்.

முதல் மாதிரி போர்டை உயிர்ப்பிக்கும்போது ஜீரோ ஓம் செய்யும் உதவியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். புதிய போர்டில் ஐந்தாறு மின்வழங்கிகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுமையோடு இயக்கினால், ஏதோ ஒன்று சூடாகும்போது எது காரணம் என்று தெரியாது. ஒவ்வொரு மின்வழங்கியின் வெளியீட்டிலும் ஒரு ஜீரோ ஓம் வைத்து, முதலில் அவற்றைப் பொருத்தாமல் விடுங்கள். ஒவ்வொரு ரெகுலேட்டரும் (வோல்ட்டை நிலையாக வைக்கும் ஐசி) சரியான வோல்ட் தருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஒன்றொன்றாக ஜம்பரைப் பொருத்தி அந்தந்தப் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கலாம். விலையுயர்ந்த பிராசஸர் ஒன்றைத் தவறான வோல்ட் அடித்துக் கொல்லாமல் காப்பாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அதே இடம் பிற்பாடு மின்னோட்டம் அளக்கவும் பயன்படும். ஜீரோ ஓமை எடுத்துவிட்டு அங்கே 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால், 100 மில்லி ஆம்பியருக்கு 10 மில்லி வோல்ட் கிடைக்கும். பேட்டரியில் ஓடும் கருவியில் எந்தப் பகுதி எவ்வளவு குடிக்கிறது என்று கண்டுபிடிக்க இது நேரான பாதை.

ரெகுலேட்டரின் வெளியீட்டில் இப்படி ஜம்பர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, ஃபீட்பேக் தடம் (வெளியீட்டு வோல்ட்டை ரெகுலேட்டருக்கே திருப்பிச் சொல்லும் தடம்) எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது. ஜம்பருக்கு அப்பால், சுமைப் பக்கத்திலிருந்து எடுத்தால் ஜம்பரில் ஏற்படும் வோல்ட் இழப்பை ரெகுலேட்டரே சரிக்கட்டிவிடும்; கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜம்பரை எடுத்துவிட்டுச் சோதிக்கும்போது ஃபீட்பேக் பின்னுக்கு வோல்ட்டே வராது. வெளியீடு குறைந்துவிட்டதாக நினைத்து ரெகுலேட்டர் தன்னால் முடிந்த உச்சத்துக்கு ஏற்றிவிடும். அதனால் பிரித்துச் சோதிப்பதற்காக வைக்கும் ஜம்பர் என்றால், ஃபீட்பேக் ரெகுலேட்டர் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து, இடம் பிடித்து வைப்பது. கடிகார சிக்னல் போகும் தடத்தில் ஜீரோ ஓம் ஒன்றைத் தொடராக வைக்கிறோம். சோதனையில் சிக்னல் எதிரொலித்து அலைபாய்ந்தால் அதை எடுத்துவிட்டு 22 அல்லது 33 ஓம் வைக்கலாம். மின்வழங்கித் தடத்தில் வைத்த ஜீரோ ஓமை, மின்காந்தக் கதிர்வீச்சுச் சோதனையில் போர்டு தோற்றால் ஃபெரைட் பீடாக (அதிக அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் பாகம்) மாற்றலாம். மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச்சை இயக்கும் கேட் முனையில் வைத்ததை, ஸ்விட்ச்சிங் வேகத்தைக் குறைக்க 4.7 அல்லது 10 ஓமாக மாற்றலாம். ஆன்டெனாவுக்கு முன்னால் தொடராக ஒரு பாகத்துக்கும் கிரவுண்டுக்கு இரண்டு பாகங்களுக்கும் இடம் விட்டு, தொடர் இடத்தில் ஜீரோ ஓம், மற்ற இரண்டும் காலி என்று தொடங்குவது ரேடியோ வடிவமைப்பில் வாடிக்கை. அளந்து பார்த்த பிறகு இண்டக்டர், கெபாசிட்டர் மதிப்புகளை முடிவு செய்வார்கள். இங்கெல்லாம் ஜீரோ ஓம் "ஒருவேளை தேவைப்படலாம்" என்பதற்கான முன்பதிவு.

கிரவுண்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் தனித்தனியாக வெட்டி, இரண்டையும் ஒரு ஜீரோ ஓமால் சேர்க்கும் பழக்கம் பல ஸ்கீமாட்டிக்குகளில் இருக்கிறது. இரண்டு நெட்களுக்கும் (இணைப்புத் தொகுதிகளுக்கும்) மென்பொருளில் தனிப் பெயர் இருப்பதால், ஒரே புள்ளியில் மட்டும் சேர வேண்டும் என்பதைக் கட்டாயப்படுத்த இது வசதி. ஆனால் அதற்கு லேஅவுட் மென்பொருள்களிலேயே நெட் டை என்ற ஏற்பாடு இருக்கிறது; பாகம் எதுவும் இல்லாமல் செம்பையே இணைப்பாக அறிவித்துவிடலாம். அதைவிட முக்கியம், வெட்டிய இடைவெளியைத் தாண்டி வேகமான சிக்னல் ஏதாவது போனால், அதன் திரும்பும் மின்னோட்டம் அந்த ஒற்றை ஜம்பரைத் தேடிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தச் சுற்றே ஆன்டெனாவாகிவிடும். பெரும்பாலான போர்டுகளுக்கு வெட்டாத ஒரே கிரவுண்ட் பிளேனும் (பரந்த கிரவுண்ட் செம்புப் பரப்பும்), பாகங்களைப் பகுதி பிரித்து வைக்கும் ஒழுங்கும் போதும். உலோகப் பெட்டியின் கிரவுண்டையும் சிக்னல் கிரவுண்டையும் சேர்க்கும் இடத்தில் மட்டும் பேட் வைப்பதை ஆதரிக்கிறேன். அங்கே ஜீரோ ஓமா, கெபாசிட்டரா, 1 மெகா ஓமா என்பது சோதனைக் கூடத்தில்தான் தெரியவரும்.

சரி, வரம்புகளுக்கு வருவோம்.

பெயரில் பூஜ்ஜியம் இருந்தாலும் மதிப்பு பூஜ்ஜியம் அல்ல. மீகடத்தி அல்லாத எந்த உலோகத்துக்கும் மின்தடை உண்டு. சாதாரண எஸ்எம்டி ஜம்பரின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாளில்) "அதிகபட்சம் 50 மில்லி ஓம்" என்று இருப்பது வழக்கம். சில தயாரிப்புகளில் 20 மில்லி ஓம். கையில் கிடைக்கும் பாகம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனால் தயாரிப்பாளர் வாக்குக் கொடுப்பது அந்த அதிகபட்ச எண்ணுக்குத்தான். பாக எண்ணில் 1% என்றோ 5% என்றோ ஒரு எழுத்து இருக்கும். பூஜ்ஜியத்தில் 5 சதவீதம் பூஜ்ஜியம்தான் என்பதால் அதற்கு இங்கே பொருளே இல்லை. எண் வரிசையின் அமைப்புக்காக நிற்கும் எழுத்து அது. ஜம்பர் வாங்கும்போது இந்தச் சதவீத டாலரன்ஸைப் பார்க்காதீர்கள், அதிகபட்ச மின்தடை எவ்வளவு என்று பாருங்கள்.

50 மில்லி ஓம் அதிகமா, குறைவா? ஒரு ஒப்பீடு: வழக்கமான 35 மைக்ரான் தடிமன் செம்பில், நீளமும் அகலமும் சமமான ஒரு சதுரத்துக்குச் சுமார் அரை மில்லி ஓம் வரும். அப்படியானால் 0.25 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் நீளமும் உள்ள தடம் 100 சதுரம், கிட்டத்தட்ட 50 மில்லி ஓம். அதாவது மோசமான ஒரு ஜம்பர், இரண்டரை சென்டிமீட்டர் மெல்லிய தடத்துக்குச் சமம். சிக்னல்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மின்வழங்கிக்கு? 3.3 வோல்ட் தடத்தில் 1 ஆம்பியர் போனால் 50 மில்லி வோல்ட் இழப்பு, 1.5 சதவீதம், பெரும்பாலும் தாங்கும். ஆனால் பிராசஸரின் 1 வோல்ட் கோர் மின்வழங்கியில் 2 ஆம்பியர் போகிறது என்றால் இழப்பு 100 மில்லி வோல்ட். அது 10 சதவீதம். அத்தகைய சில்லுகள் அனுமதிப்பது பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் வரைதான். போர்டு மேசையில் நன்றாக ஓடும்; சுமை ஏறிய ஒரு நொடியில் காரணமே தெரியாமல் ரீசெட் ஆகும். குறைந்த வோல்ட், அதிக மின்னோட்டம் உள்ள இடத்தில் சாதாரண ஜீரோ ஓம் வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது மின்னோட்ட எல்லை. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 0603 ரெசிஸ்டர் 0.1 வாட், மின்தடை பூஜ்ஜியம், ஆகவே மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் மின்திறன் எப்போதும் பூஜ்ஜியம், எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம் என்று ஒரு கணக்கு. அது தவறு என்று எல்லாருக்கும் உள்ளூரத் தெரியும். அப்புறம் 50 மில்லி ஓமையும் 0.1 வாட்டையும் வைத்துக் கணக்குப் போட்டு 1.4 ஆம்பியர் என்பார்கள். இதுவும் உத்தரவாதமில்லை. ஜம்பருக்குத் தயாரிப்பாளர்கள் வாட் சொல்வதில்லை, நேராக ஆம்பியர் சொல்கிறார்கள். பரவலாகக் காணும் தடிப்படல (பீங்கான் மேல் படலமாக அச்சிட்ட) வகையில் 0402, 0603 அளவுகளுக்கு 1 ஆம்பியர், 0805, 1206 அளவுகளுக்கு 2 ஆம்பியர் என்று இருக்கும். சில தயாரிப்புகளில் இன்னும் கொஞ்சம் கூடுதல். வாட் கணக்கில் 0402 குறைவாகவும் 1206 கூடுதலாகவும் வரும், ஆனால் டேட்டாஷீட் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே எண் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். எல்லையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கடத்திப் படலம், முனைகள், வெப்பம் வெளியேறும் பாதை எல்லாம் சேர்ந்துதான். அந்த எண்ணும் வழக்கமாக 70 டிகிரி செல்சியஸ் சுற்றுப்புறம் வரைக்கும்தான். அதற்கு மேல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

2 ஆம்பியர் போதவில்லை என்றால் இரண்டை இணையாக வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் இரண்டும் சமமாகப் பங்கு போடும் என்று எண்ண வேண்டாம். ஒன்று 8 மில்லி ஓம், மற்றது 16 மில்லி ஓம் என்றால் முதலாவது மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கும். தடம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுகூடப் பங்கை மாற்றும். மிச்சம் நிறைய வைத்துக்கொண்டு செய்தால் சரி. உண்மையிலேயே பெரிய மின்னோட்டம் என்றால், உலோகத் தகட்டாலேயே செய்த ஜம்பர்கள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றின் மின்தடை ஒரு மில்லி ஓமுக்கும் கீழே, மின்னோட்டம் பத்து ஆம்பியர்களைத் தாண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஜம்பர் போலவே இருப்பதால், மாற்றுப் பாகம் தேடுபவர் குழம்பிவிடாமல் இருக்க ஸ்கீமாட்டிக்கிலேயே ஆம்பியரை எழுதி வைப்பது நல்லது.

இப்போது ஃபியூஸ். ஜீரோ ஓமை ஃபியூஸாகப் பயன்படுத்தாதீர்கள். ஃபியூஸ் என்பது எவ்வளவு மின்னோட்டத்தில், எவ்வளவு நேரத்தில் உருகும் என்று அளந்து உறுதி சொல்லி விற்கும் பாகம். உருகிய பிறகு எத்தனை வோல்ட் வரை வில்பொறி எழாமல் பிரித்து வைக்கும், அதிகபட்சம் எவ்வளவு ஷார்ட் மின்னோட்டத்தைப் பத்திரமாகத் துண்டிக்கும் என்பதும் அதில் இருக்கும். ஜம்பரில் இவற்றில் ஒன்றும் கிடையாது. 1 ஆம்பியர் என்று எழுதிய ஜம்பர் மூன்று ஆம்பியரை நீண்ட நேரம் சுமந்துகொண்டே இருக்கலாம். அதற்குள் பக்கத்துத் தடம் உரிந்துவிடும், அல்லது போர்டு கருகி கரியாகிவிடும். கரியான போர்டு மின்சாரத்தைக் கடத்தவும் செய்யும். மலிவான கருவிகளில் "எப்படியும் எரியும்" என்ற நம்பிக்கையில் இதை வைத்திருப்பதைப் பார்க்கலாம்; அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. உருகுவதற்கென்றே வடிவமைத்த ரெசிஸ்டர்களும், எஸ்எம்டி ஃபியூஸ்களும் அதே அளவுகளில் கிடைக்கின்றன.

கருகிப்போன ஜீரோ ஓமுக்குப் பதில் கம்பி வைப்பது பற்றி: மின்சாரப்படி பார்த்தால் கம்பி அதே வேலையைச் செய்யும், சில நேரம் இன்னும் நன்றாகவே செய்யும். ஆனால் ஜம்பர் தானாகக் கருகுவது அபூர்வம். அதன் எல்லையைத் தாண்டி ஏதோ ஒன்று மின்னோட்டத்தை இழுத்திருக்கிறது. ஜம்பருக்கு அப்பால் உள்ள தடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எத்தனை ஓம் என்று முதலில் அளந்து பாருங்கள். ஷார்ட்டான கெபாசிட்டரோ செத்த ஐசியோ அங்கே உட்கார்ந்திருந்தால், நீங்கள் வைக்கும் கம்பி கருகாது. வேறு ஏதாவது கருகும். மின்னோட்ட எல்லை வைக்கக்கூடிய மின்வழங்கியில் குறைந்த அளவிலிருந்து தொடங்கி ஏற்றிப் பார்ப்பதே முறை. இன்னொன்று, கருகிய உடலில் எழுத்து தெரியவில்லை என்றால் அது ஜீரோ ஓம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது மின்னோட்டம் அளக்கும் சிறு ஓம் ரெசிஸ்டராகவோ ஃபியூஸாகவோ இருந்திருக்கலாம்.

அதிர்வெண் ஏற ஏற ஜீரோ ஓமின் குணம் மாறுகிறது. நீளமுள்ள எந்தக் கடத்திக்கும் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்ரி என்று மனக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். சிப் ஜம்பரில் அரை முதல் 1 நானோஹென்ரி இருக்கும். 1 நானோஹென்ரிக்கு 8 மெகாஹெர்ட்ஸிலேயே 50 மில்லி ஓம் மறுப்பு (இண்டக்டன்ஸால் வரும் தடை) வந்துவிடுகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் 0.6 ஓம். 1 கிகாஹெர்ட்ஸில் 6.3 ஓம். ஆக வேகமான சிக்னல்களில் "பூஜ்ஜியம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் தேய்ந்துபோகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாத் தடத்தில் சில வடிவமைப்பாளர்கள் ஜீரோ ஓமுக்குப் பதில் சுமார் 8 பிகோஃபாரட் கெபாசிட்டரை வைப்பதற்கும் இதுதான் காரணம். அதன் சொந்த இண்டக்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் அந்த அதிர்வெண்ணில் ஒன்றையொன்று ரத்துசெய்து, ஜம்பரைவிடப் பூஜ்ஜியத்துக்கு நெருக்கமான இணைப்பைத் தந்துவிடுகின்றன.

நிலைமின் தாக்கத்திலும் இதே கதைதான். 8 கிலோ வோல்ட் தொடுசோதனையில் மின்னோட்டம் ஒரு நானோ விநாடிக்கும் குறைந்த நேரத்தில் 30 ஆம்பியரைத் தொடுகிறது. அந்த மின்னோட்டம் பெட்டியின் கிரவுண்டுக்குப் போகும் பாதையில் 1 நானோஹென்ரி ஜம்பர் ஒன்று இருந்தால், அதன் இரு முனைகளுக்கும் நடுவே அந்தக் கணத்தில் சுமார் 30 வோல்ட் தோன்றும். பேட்கள், வயாக்கள் (லேயர்களை இணைக்கும் துளைகள்) எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். அங்கே அகலமான செம்பைத் தவிர வேறெதுவும் ஈடாகாது.

பொருத்தாமல் விட்ட ஜம்பரும் தொல்லை தரும். ஒரு யுஎஸ்பி இணைப்பை இரண்டு வழிகளில் ஒன்றுக்கு அனுப்பத் தேர்வு வைத்தால், பயன்படாத வழியின் தடம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வேகமான சிக்னல் அதற்குள்ளும் ஓடி, முனையில் மோதித் திரும்பி வந்து அசலோடு கலக்கும். முன்பு சொன்ன மூன்று பேட் அமைப்பு இங்கேயும் உதவுகிறது: சிக்னல் நடுப் பேடுக்கே நேராக வந்துவிட்டால், பொருத்தாத பக்கத்தில் தொங்குவதற்குத் தடமே மிஞ்சாது. பேடின் அகலம் தடத்தைவிட அதிகமானால் அங்கே இம்பீடன்ஸ் (வேகமான சிக்னல் எதிர்கொள்ளும் மொத்தத் தடை) தாழும் என்பதால், இத்தகைய இடங்களில் தடத்தின் அகலத்துக்கு நெருக்கமான 0402 அல்லது 0201 அளவைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அதிக வோல்ட் உள்ள சுற்றுகளில் இரண்டு விஷயங்கள். ஜம்பருக்கு அடியில் தடம் ஓட்டுவது சகஜம்தான், ஆனால் அந்தத் தடத்துக்கும் ஜம்பரின் உலோக முனைகளுக்கும் நடுவே இருப்பது மெல்லிய பச்சைப் பூச்சும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளியும் மட்டுமே. பச்சைப் பூச்சைக் காப்பு என்று கணக்கில் எடுக்கக் கூடாது. இன்னொன்று, ஜம்பரைப் பொருத்தாமல் விட்டால் சுற்று பிரிந்துவிட்டது என்று மின்நிலையச் சுவிட்ச்சைப்போல் எண்ணிவிடக் கூடாது. வீட்டு மின்சாரப் பகுதிக்கும் தொடும் பகுதிக்கும் நடுவே சட்டங்கள் கேட்கும் பல மில்லிமீட்டர் இடைவெளிக்கு 0603 பேட்களின் இடைவெளி எந்த விதத்திலும் ஈடாகாது.

நெடுநாள் உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடிப்படல ஜம்பர்களின் உள்முனைகளில் வெள்ளி இருக்கிறது. காற்றில் கந்தகம் கலந்த சூழலில், சில தொழிற்சாலைகளிலோ கந்தகம் சேர்த்த ரப்பருக்குப் பக்கத்திலோ, அந்த வெள்ளி மெல்ல வெள்ளி சல்ஃபைடாக மாறி இணைப்பு அறுந்துபோகலாம். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, அளந்தால் திறந்த சுற்று. இதற்காகவே கந்தகத்தைத் தாங்கும் வகைகள் தயாராகின்றன. செம்புத் தடத்துக்கு வராத நோய் இது. ஒவ்வொரு ஜம்பரும் இரண்டு பற்றவைப்புப் புள்ளிகளையும் கூடவே கொண்டுவருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பது எப்படி? சாதாரண மல்டிமீட்டரை நம்ப முடியாது. அதன் கம்பிகளே 0.1 முதல் 0.3 ஓம் வரை இருக்கும், அளக்க நினைப்பதைவிடப் பல மடங்கு. ஜம்பரின் எல்லைக்குள் இருக்கும் வகையில் 1 ஆம்பியரை அதன் வழியே ஓட்டி, ஜம்பரின் இரு முனைகளிலும் நேராக மில்லி வோல்ட் அளந்தால், ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஓம். இப்படி அளந்த மதிப்பை வைத்து அதையே மின்னோட்டம் அளக்கும் ரெசிஸ்டராகப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். இரண்டு ஜம்பர்கள் ஒரே மதிப்பில் இருக்காது, வெப்பம் ஏறும்போது மதிப்பும் கணிசமாக ஏறும். பற்றவைத்த ஈயத்தின் அளவுகூட முடிவை மாற்றும்.

ஸ்பைஸ் போன்ற சிமுலேஷன்களில் ஜீரோ ஓமை அப்படியே 0 என்று எழுதாதீர்கள். மென்பொருள் உள்ளுக்குள் மின்தடையின் தலைகீழைக் கணக்கிடுவதால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிய நிலை வரும். சில பதிப்புகள் பிழை காட்டும், சில தாமாகவே ஒரு சிறு மதிப்பை இட்டுக்கொள்ளும். 10 அல்லது 20 மில்லி ஓம் என்று நீங்களே எழுதிவிட்டால் உண்மைக்கும் நெருக்கம், கணக்கும் தடைபடாது.

எத்தனை வைப்பது என்பதற்கு என்னிடம் விதி கிடையாது, பழக்கம்தான் உண்டு. முதல் மாதிரி போர்டில் தாராளமாக வைப்பேன். கையால் மட்டும் மாற்றப்போகும் இடங்களுக்கு, ஈயத்தால் ஒட்டித் திறக்கும் இரட்டைப் பேடே போதும், பாகமே தேவையில்லை. தொழிற்சாலையில் வகை பிரிக்கும் இடங்களுக்கு ஜீரோ ஓம்தான் சரி, ஏனென்றால் அது பாகப் பட்டியலில் ஒரு வரியாகத் தெரியும், இருக்கிறதா இல்லையா என்று கேமராச் சோதனையில் பிடிபடும். போர்டில் ஏற்கெனவே 0603 ரெசிஸ்டர்கள் இருந்தால் ஜம்பரையும் 0603 அளவிலேயே எடுத்துக்கொண்டால் வேலை எளிது. அடுத்த பதிப்புக்குப் போகும்போது ஸ்கீமாட்டிக்கை எடுத்து ஒவ்வொரு ஜீரோ ஓமையும் கேள்வி கேட்பேன்: முடிவு உறுதியாகிவிட்டதா? ஆகிவிட்டது என்றால் அதைச் செம்பாக்கிவிடலாம். பாகத்தின் விலை அற்பம்தான். ஆனால் ஒவ்வொன்றையும் இயந்திரம் எடுத்துவைக்க வேண்டும், சோதிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு பற்றவைப்புகள் பல வருடம் உடையாமல் நிற்க வேண்டும். வகை பிரிப்பவையும், பழுதுபார்ப்பவருக்குப் பகுதிகளைப் பிரித்துச் சோதிக்க உதவுபவையும் மட்டும் மிஞ்சட்டும். அப்படி மிஞ்சியவற்றின் பக்கத்தில், அது எதற்காக இருக்கிறது என்று ஒரு வரி ஸ்கீமாட்டிக்கிலேயே எழுதி வையுங்கள்.